வேலாம்பட்டிப் பிரிவின் கைகாட்டி

அவையின் தலைமையை ஏற்று வீற்றிருக்கும் பெரியவர் மருதாசலம் அவர்களே! ஏர் பிடித்த கையின் ஈரம் காயுமுன் வந்தமர்ந்திருக்கும் வேளாண் பெருமக்களே! மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்திருக்கும் வண்டிக்காரத் தோழர்களே! மழலையை மடியில் உறங்கவைத்துச் செவி கொடுக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்த வணக்கம் என்றேன். அலங்காரத்துக்காகச் சொன்னதன்று, நிமிரத் தகுதியற்றவன் சொல்கிறேன்.

சாலைகளைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான்காண்டு சாலைக் கமிட்டியில் உறுப்பினனாய் இருந்தவன் நான். எண் போட்டோம்! எல்லை போட்டோம்! ஏட்டிலே கோடு போட்டோம்! நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் சாலைக்குப் பன்னிரண்டு என்று எண். வேலாம்பட்டியில் அதைவிட்டுப் பிரிந்து திருச்செங்கோடு போகும் சாலைக்கு முப்பத்தொன்று என்று எண். பிரிவிலே இரண்டு பலகைகளோடு ஒரு கைகாட்டி மரம். அது எந்த எண்ணுக்குச் சொந்தம்? எழுத மறந்தோம்.

ஐப்பசிக் காற்றில் அந்த மரம் சாய்ந்தது. அங்கே பள்ளங்களில் கப்பி கொட்டி நிரப்பும் சாலைக்கூலி மாதையன் அன்றே ஓவர்சியரிடம் ஓடினார். "முப்பத்தொன்றைப் போய்க் கேள்" என்றார் பன்னிரண்டின் ஓவர்சியர். "பன்னிரண்டைப் போய்க் கேள்" என்றார் முப்பத்தொன்றின் ஓவர்சியர். காகிதம் கமிட்டிக்கு வந்தது. "விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புக" என்று தீர்மானம் கொண்டுவந்தவன் யார்? நான்! நான்தான் ஐயா!

இரண்டு மாதம் பார்த்த மாதையன், தாமே குழி தோண்டி மரத்தைத் தூக்கி நட்டார். பாவம், அவருக்கு எழுத்துத் தெரியாது. சேலம் என்ற பலகை திருச்செங்கோட்டுப் பக்கம் திரும்பி நின்றது. உள்ளூர் வண்டிகள் பலகையைப் பார்த்தா போகின்றன? யாரும் கவனிக்கவில்லை.

தை மாதம். நாமக்கல்லுக்குத் தெற்கேயிருந்து தங்கசாமி என்ற விவசாயி, பிரசவ வேதனையில் துடித்த மனைவி சென்னியம்மாளை வண்டியில் கிடத்திப் புறப்பட்டார். நாமக்கல் டாக்டர் கைவிரித்து, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார். தங்கசாமி சேலத்தைக் கண்டவரல்லர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். படித்தார். நம்பினார். திரும்பினார்!

"இன்னும் எவ்வளவு தூரமுங்க மாமா?"

"பலகையப் பாத்துட்டேன் புள்ள. வந்துருச்சு, பல்லக் கடிச்சுக்க."

என்ன அங்கே? "மைல் கல்லு இருக்குமேங்க" என்கிறீர்களா? இருந்தது ஐயா! மைல்களைச் சேலத்திலிருந்து எண்ண வேண்டுமென்று பழைய எழுத்தைக் கொத்தி எடுத்துவிட்டோம். புதிய எண்ணை இன்றுவரை வெட்டவில்லை. இரு சாலையிலும் ஊமைக் கற்கள்!

ஆறு மைல் போனபின், காட்டில் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்த குப்பாயி என்ற அம்மாள் வண்டியைப் பார்த்து ஓடிவந்தார்.

"சேலத்துக்குங்களா? இது செங்கோட்டுப் பாதைங்க சாமி! திருப்புங்க, வெரசாத் திருப்புங்க!"

திருப்பினார். மாடுகள் நுரை தள்ள ஓட்டினார். குப்பாயியும் வண்டியிலேறிச் சென்னியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். பிரிவு கண்ணுக்குத் தெரிந்தபோது அந்தக் கை குளிர்ந்துவிட்டது. பிறக்காத பிள்ளையும் தாயோடு போயிற்று.

விசாரணை நடந்தது. யாரை விசாரித்தோம்? ஓவர்சியர்களையா? தீர்மானம் போட்ட என்னையா? மாதையனை! "எம்மேலதானுங்க தப்பு. கீழ கெடக்குதேன்னு நட்டுப்போட்டனுங்க" என்று அழுதார் அவர். அப்போது சாட்சிக்கு வந்திருந்த தங்கசாமி எழுந்தார்.

"அந்தாள ஏனுங்க வெரட்டுறீங்க? அவராச்சும் தூக்கி நிறுத்துனாரு. நீங்க அத்தன பேரு என்ன பண்ணுனீங்க?"

அன்று மாலையே மாதையனுக்கு வேலை போயிற்று. மறுவாரம் நான் பதவியை விட்டேன்.

வேண்டாம், கை தட்டாதீர்கள்! நான் விட்டதால் அவருக்கு வேலை திரும்பியதா? செத்தவள் எழுந்தாளா? உரிமை முடிவாகும்வரை என்று சொல்லி அந்தக் கைகாட்டியையும் பிடுங்கிப் போய்விட்டார்கள். பன்னிரண்டா, முப்பத்தொன்றா? இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தீருமென்ற நம்பிக்கை எனக்கில்லை.

இதுவரை பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வெளியூர் திரும்புவோர் மனிதரிடம் வழி கேட்டுப் போங்கள். வணக்கம்.