மகனுக்காக ஒரு கைத்தடி

ஊரார் கதையைக் கேட்க உனக்கு வெட்கமாக இல்லையா? சரி, கேள்.

திருச்செங்கோடு பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு வயதான அம்மா. கைத்தடியை ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தார். பக்கத்துப் பெண் கேட்டாள்:

“ஏனுங்கம்மா, காலு வலிக்குதுங்களா?”

“எனக்கென்ன சாமி, நல்லாத்தான் நடக்கறேன். தடி எம் மகனுக்கு.”

“அவருக்குக் காலு முடியலீங்களா?”

“நான் உழுந்துருவேன்னு அவனுக்குப் பயம். தடி இல்லாம கெளம்புனா மருமகளைத் துணைக்கு அனுப்பிருவான். அப்புறம் சந்தையில கத்திரிக்காய அவதான் பொறுக்குவா. நான் பையைப் புடிச்சுட்டு நிக்கோணும்.”

சந்தையில் இறங்கிப் போனவர், பஸ் நகர்ந்ததும் ஓடிவந்து பஸ்ஸைத் தட்டினார்.

“கண்டக்டர் தம்பி, தடிய உட்டுட்டனுங்க!”

“இந்த ஓட்டத்துக்குத் தடி எதுக்குங்கம்மா?”

“அது இல்லாட்டி நாளைக்கு என்னையத் தனியா வெளிய உடமாட்டாங்க சாமி!”

எனக்கும் அந்த அம்மா வயதுதான். ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டாரிடம் சொன்னேன்: “எனக்குக் காலு முடியலீன்னு எம் மகன் காதுல போட்டு வையுங்க. ஒரு தடி வாங்கியாரட்டும்.”