பொறந்த ஊர் வேற, சொந்த ஊர் வேற

…ஊர் பேரச் சொன்னா என்ன, வாய் வெந்துடுமா? நீயே சொல்லு கண்ணு. உக்காரு, உக்காரு. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காரு. காபி ஊத்தட்டா? ஊத்தியாச்சு, குடி.

டஸ்டி ராலின்ஸ்! பெரிய பாட்டுக்காரன்! டிவில வரும்போதெல்லாம் தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு, "நான் யாருமே கேள்விப்படாத ஒரு சின்ன ஊர்லேருந்து வந்தவன்"ங்கறான். அடப்பாவி, நீ சொன்னாத்தானேடா கேள்விப்படுவாங்க! பெல்மர். மூணே எழுத்து… நாலோ? சரி, அது எதுவோ. ஒரு தடவ, பெரிய சிட்டி பேரா இருக்கட்டும்னு "ஓமஹா பக்கம்"னான். ஓமஹா பக்கமா? விடியக்காலைல கெளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரலாம். அப்படிப் பாத்தா நிலா கூட ஓமஹா பக்கம்தான்.

என்ன? பார்க்கா? பார்க் எங்க ஓடிடப் போவுது, நீ முதல்ல சாப்பிடு. சில்லி இருக்கு, கறியும் பீன்ஸும் போட்ட காரக் கொழம்பு, கூட சினமன் ரோல் வரும், பட்ட போட்ட இனிப்பு பன்னு. ஏன் மொகத்த அப்படி வக்கிற? ரெண்டையும் சேத்துதான் சாப்பிடணும். நெப்ராஸ்கால பள்ளிக்கூடத்துலயே இப்படித்தான் போடுவாங்க. ரோல அதுக்குள்ள முக்கு… ஆங், அப்படித்தான். வெளிய நிக்கிற பெரிய லாரி உன்னுதா? மாட்டுத் தீவனமா? சரி, சரி, மென்னுட்டுப் பேசு.

அவன் பாட்டக் கேட்டிருக்கியா? ஆத்தங்கரைல காதலியோட நின்னானாம். இந்த ஊர்ல ஏது ஆறு? ரயில் ரோட்டுக்குப் பக்கத்துல ஒரு வாய்க்கா கெடக்கு, அதுல தவள நிக்கும். அதுவுமில்லாம, இங்கேருந்து போறப்ப அவன் ரெண்டாங்கிளாஸ்! ரெண்டாங்கிளாஸ்ல என்ன காதலி? அப்புறம் குதிர. குதிர இல்லாம பாட்டே கெடயாது. அவங்கப்பா இன்சூரன்ஸ் வித்தாரு கண்ணு. அந்த வீட்ல இருந்த ஒரே மிருகம் பூன. அதப் பாத்தாலும் இவன் தும்முவான்.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் அவன கூப்பிட்டேங்கற. கேக்கலயா? கேக்கணும்ல! நான் டவுன் கவுன்சில்ல இருக்கேன், தெரியுமா? டார்லா கோவாரிக். வெளிய போர்டுல "டார்லா காப்பிக்கடை"ன்னு இருக்கே, அந்த டார்லா. கவுன்சில்ல ஒரு ஆம்பளைக்கும் வாய் கெடயாது. எல்லாம் நான்தான் பேசணும்.

இன்னிக்கு சாயங்காலம் பள்ளிக்கூட வாரியம் கூடுது. எங்க ஸ்கூல மூடிட்டு, பசங்கள பக்கத்து ஊரு கார்வின் ஸ்கூலோட சேக்கறதான்னு ஓட்டெடுப்பு. கார்வினோட! எங்க ஸ்கூல் டீம் பேரு காட்டெருமைங்க, அவங்க டீம் நரிங்க. என் பேரன் நரி படம் போட்ட சட்டையப் போட்டுக்கிட்டு ஃபுட்பால் ஆடணுமாம். நான் கேலரில உக்காந்து கைதட்டணுமாம். அது மட்டுமா? ஸ்கூல் போச்சுன்னா அடுத்தது தபாலாபீஸ். அதுக்கு அடுத்தது இந்தக் கட. பக்கத்து ஊரெல்லாம் பாத்தேனே. இப்ப அங்கல்லாம் தானியக் கெடங்கும் புறாவும்தான் மிச்சம்.

அதான் கூப்பிட்டேன், அவனும் இன்னிக்கு வர்றேன்னுட்டான். அவன் பாட வேண்டாம் கண்ணு. மைக்கப் புடிச்சு, கூட வர்ற டிவிக்காரன் முன்னாடி, "பெல்மர், நான் படிச்ச ஊரு"ன்னு ஒரே ஒரு வார்த்த. அத நாடே கேட்டப்புறம் எந்த வாரியத்துக்கு இந்த ஸ்கூல மூட தைரியம் வரும்? மேட போட்டாச்சு. ஸ்கூல் பேண்டு வாத்தியக் கோஷ்டி காலைலேருந்து பார்க்ல வெயில்ல நிக்கிது. இதோ வந்துருவான். இரு, எழுந்திரிக்காத, ஆப்பிள் பை ஒரு துண்டு தர்றேன்.

இந்தக் கார்வின்காரனுங்க பண்ற அட்டகாசம் இருக்கே! ஊர் எல்லைல ஆளுயரத்துக்கு போர்டு வச்சிருக்கானுங்க, "டஸ்டி ராலின்ஸ் பிறந்த ஊர்"னு. பொறந்த ஊராம்! அங்க ஆஸ்பத்திரி இருக்கு, இங்க இல்ல, அவ்வளவுதான சங்கதி? பெல்மர்ல ஒருத்தரும் பொறக்க மாட்டாங்க கண்ணு. சாவாங்க, நல்லாவே சாவாங்க, பொறக்கறது மட்டும் கார்வின்ல. நான் பொறந்தது கார்வின். என் புருஷன் கார்வின். எங்க பாதிரியார் கூட கார்வின். அதுக்காக நாங்க கார்வின்காரங்களா? பொறந்த ஊர் வேற, சொந்த ஊர் வேற!

நாங்களும் போர்டு வச்சோம். "டஸ்டி ராலின்ஸின் சொந்த ஊர்". ஏற்கெனவே அந்த எடத்துல லோரீன் பேரு போட்ட போர்டு இருந்துச்சு. லோரீன் ஹாவெல்கா, போட்டில இரும்புக் குண்டு எறியறவ. ஒலிம்பிக் வரைக்கும் போனா. நாலாவதா வந்தா. நாலாவது! மூணாவதா வந்திருந்தா பித்தளயோ வெங்கலமோ ஏதோ ஒண்ணு கழுத்துல தொங்கியிருக்கும். திரும்பி வந்து இங்கயே ஸ்கூல் பஸ் ஓட்டறா. தெனம் கண்ணுல படற ஆளுக்கு எதுக்கு போர்டுன்னு நான்தான் கவுன்சில்ல எந்திரிச்சுக் கேட்டேன். எல்லாரும் தலையாட்டுனாங்க. பழைய போர்டு கம்பம் அசையவே இல்ல, டிராக்டர் கேக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தோம். அவளே வந்தா, ரெண்டு ஆட்டு ஆட்டுனா, புடுங்கிக் குடுத்துட்டுப் போயிட்டா. ஒரு வார்த்த பேசல. நல்ல பொண்ணு. கொஞ்சம் அமுக்கம்.

என்ன சொல்ற? ஃபோனா? யார் ஃபோன்? இரு, ஃபோன்னதும் ஞாபகம் வருது, போன வாரம் டஸ்டி கம்பெனிலேருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டா பாரு! வாயில சூயிங்கம் போட்டுக்கிட்டே பேசறா. "ஹலோ, சார் எந்த ஊர்ல பொறந்தாரு?"ங்கறா. சம்பளம் வாங்கற, உனக்குத் தெரியாதா? நான் உள்ளத உள்ளபடி சொன்னேன். கார்வின் ஆஸ்பத்திரி, ரெண்டாவது மாடி. பொய் சொல்ல மாட்டேன் கண்ணு, ஞாயித்துக்கெழம கோயில்ல முன்வரிசைல உக்கார்றவ நான். "தேங்க்ஸ், டிரைவருக்கு அதத்தான் குடுக்கணும்"னு வச்சுட்டா.

…

டிரைவருக்கா?

இல்ல, இல்ல. டிரைவருக்கு எதுக்கு அது? நீ ஏன் ஃபோன என் மூஞ்சில காட்டற? கண்ணாடி எங்க வச்சேன்… கார்… கார்வின் சிட்டி பார்க். இது என்ன? யாரு அனுப்புனது? ஸ்பீக்கரா? லாரில இருக்கறது ஸ்பீக்கரா? தீவனம் இல்லயா? ஏன்யா, அத மொதல்லயே சொல்லக் கூடாதா? வழி கேக்கத்தான் வந்தியா? நான் எங்க உன்னப் பேச விடல, நீதான் வாய் நெறய ரோல வச்சுக்கிட்டு இருந்த!

டிவி… டிவி எங்க, ரிமோட்டு… இந்தா.

அய்யய்யோ. அவனேதான். தொப்பி நெஞ்சுக்கு வந்தாச்சு. பின்னாடி யாரு, கார்வின் மேயரா? பல்லப் பாரு. சத்தம் வை, சத்தம் வை…

கேட்டியா? "கார்வின்"ங்கறான். பேரச் சொல்லிட்டான்! இத்தன வருஷம் எந்த ஊர் பேரும் சொல்லாதவன், இன்னிக்கு "கார்வின், என் மண்ணு"ங்கறான். அழறான் வேற. அந்தத் தானியக் கெடங்கப் பாத்து அழறான். டேய், அது உன் கெடங்கு இல்லடா! உன் கெடங்கு இங்க இருக்குடா!

பாத்தியா கண்ணு, நீயே சொல்லு, இப்ப நான்… கண்ணு? எங்க போற? காசு வேணாம், இரு! உனக்கும் அங்கதான் வேலையா? அந்த ஸ்பீக்கர மட்டுமாவது எறக்கி வச்சுட்டுப் போ… போயிட்டான். ரோல மட்டும் கையோட எடுத்துட்டுப் போயிட்டான்.

இதோ, இதோ, ஃபோன் அடிக்குது. ஹலோ? லோரீனா? பார்க்லேருந்தா? பசங்க வாசிக்க ஆரம்பிக்கலாமான்னா கேக்கற? இல்லடி, அவன் வரல. கார்வின்ல நிக்கிறான். வாரியத்து ஆளு வந்துட்டாரா? முன்வரிசைலயா? கடவுளே. அவருக்கு லெமனேட் குடு, ஒண்ணும் சொல்லாத. என் தப்பா? என்ன என் தப்பு? கேட்டாங்க, பொறந்த ஊரச் சொன்னேன். நாம எல்லாருமே அங்க பொறந்தவங்கதான, நானு, நீயி…

என்ன? நீ இல்லயா?

பனிப்புயலா? ரோடு மூடியிருந்துச்சா? வீட்டு சமையக்கட்டுலயா? இங்க, பெல்மர்லயா? லோரீன், அப்படின்னா பொறந்ததும் இங்க, படிச்சதும் இங்க… அடியே! நான் கவுன்சில்ல எந்திரிச்சு உன் பேர எடுக்கச் சொன்னப்ப பின்னாடிதான உக்காந்திருந்த, இதச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? கம்பத்த மட்டும் புடுங்கத் தெரியுது! ஊரக் கெடுத்ததே தொறக்காத உன் வாய்தாண்டி!

சரி, சரி, வச்சுடாத. பஸ்ல அந்த இரும்புக் குண்டு கெடக்குமே, இருக்கா? எடுத்துக்க. மேட மேல ஏறு. பேண்ட வாசிக்கச் சொல்லு. டிவிக்காரன நான் கூப்பிடறேன். கார்வின்லேருந்து எவ்வளவு தூரம், அவன் வந்துருவான். நீ மைக்ல ஊர் பேரு மட்டும் சொன்னாப் போதும்…

லோரீன், ஒண்ணு கேக்கறேன், உனக்கு அழத் தெரியுமா?