அருள்பாண்டிக்குப் பிடித்த பீர்

நன்றாகக் குளிர்ந்திருந்தால் எல்லாப் பீரும் ஒன்றுதான் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை, சார். நாக்கு உள்ளவன் அப்படிச் சொல்ல மாட்டான். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் ஆய்வக உதவியாளன், இருபத்தாறு வருட சர்வீஸ். அளவு தப்பினால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் நடந்ததை அளவு தப்பாமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அருள்பாண்டி கே.கே. நகரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான். ஞாயிறு மதியம் ஆனால் விளாங்குடியில் என் வீட்டு மாடிக்கு வந்துவிடுவான். மட்டன் சுக்கா, ஆளுக்கு ஒரு பாட்டில் பீர், நாலு மணிக்கு எழுந்து போவான். பத்தொன்பது வருடமாக இந்தப் பழக்கம். நான் தனி ஆள். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்தாலும் அதுதான் உண்மை.

மூன்று வருடத்துக்கு முன் அவனுக்குச் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. சிலர் உடம்புக்கு அது ஆகாது. உள்ளே போனால் உடம்பு தன் குடலையே அரிக்கத் தொடங்கிவிடும். மருந்து கிடையாது, வாயைக் கட்ட வேண்டும். பரோட்டா கூடாது என்றபோதே அவன் பாதி செத்துவிட்டான். பீரும் பார்லிதான் என்று டாக்டர் சொன்னதும் மீதியும் போயிற்று. பிராந்தி குடிக்கத் தடையில்லை என்றார்கள். "பிராந்தி குடிச்சா குடிகாரம்பாய்ங்க மாப்ள. பீர் குடிச்சாத்தான் குடும்பஸ்தன்" என்று மறுத்துவிட்டான்.

நான் தேடாமல் இல்லை. பெரிய கடையாகப் பார்த்துப் போய், குளூட்டன் இல்லாத பீர் இருக்கிறதா என்று கேட்டேன். "கூலிங் இல்லாததுதாண்ணே இருக்கு" என்றார் விற்பனையாளர். அதன் பிறகுதான் நானே காய்ச்ச இறங்கினேன். கம்பை முளைகட்டி, மாடியில் காயவைத்து, வறுத்து அரைத்து வேகவைத்து, ஈஸ்ட் போட்டு இரண்டு வாரம் வைத்தேன். புளித்த கூழ் வாடை அடித்தது. சோளத்தில் செய்தேன், மாட்டுத் தீவனம் மாதிரி இருந்தது. அரிசியில் செய்ததைக் கழுநீர் என்றே சொல்லிவிடலாம். அருள்பாண்டி எதற்கும் முகம் சுளிக்கவில்லை. சம்பந்தி வீட்டுக் காபியைக் குடிப்பவன் போல மரியாதையாகக் குடித்தான். எனக்கு அந்த மரியாதைதான் பொறுக்கவில்லை.

எட்டாவது தடவை காய்ச்சியது மொத்தமும் வினிகராகிவிட்டது. மணி பன்னிரண்டு, அவன் வரும் நேரம். தெரு முனைக்குப் போய் சாதாரணப் பீர் வாங்கி வந்து, என் பாட்டிலில் ஊற்றி, கலங்கலாகத் தெரிய ஒரு சிட்டிகை கம்பு மாவும் போட்டு வைத்தேன். ஒரே ஒரு நாள்தானே என்றுதான் நினைத்தேன்.

ஒரு மடக்குக் குடித்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "மாப்ள, ஜெயிச்சுட்ட" என்றான். இருபத்தாறு வருடத்தில் என் வேலையைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை, சார். எனக்கும் அழுகை வந்தது.

அடுத்த வாரம் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியும் பார்த்தேன். நாலாவது மாதம் மனசு கேட்காமல் அசல் கம்பு பீரையே கொடுத்தேன். அப்போது எனக்கு ஓரளவு கை வந்திருந்தது, மோசமில்லை. அவன் முகம் வாடிவிட்டது. "என்ன மாப்ள, கைப்பக்குவம் போச்சா?" என்றான். அடுத்த ஞாயிறு பழையபடி கடைப் பீரையே ஊற்றினேன். "அதானே பார்த்தேன்" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். வந்தவனைச் சிரிக்க வைத்து அனுப்புவது குற்றம் என்றால் அந்தக் குற்றத்தை நான் செய்தேன்.

இதற்கிடையில் எங்கள் கல்லூரியில் சிறுதானிய விழா நடந்தது. கம்புப் பானம் கண்டுபிடித்தவன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடை ஏறி என்னைப் பற்றிப் பேசியது அருள்பாண்டிதான். "என் வாய்க்கு ருசியத் திருப்பிக் குடுத்த தெய்வம்" என்று மைக்கில் சொன்னான். அம்புட்டுப் பேர் கைதட்டியபின் எந்த முகத்தோடு போய் உண்மையைச் சொல்வது?

அவன் உடம்பு இறங்கியது எனக்குத் தெரியும். யாரைவிடவும் நன்றாகத் தெரியும். மாடியில் எடை மெஷின் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவனை நிற்கவைத்து நோட்டில் குறித்துக்கொள்வேன். எழுபத்தாறு கிலோ இருந்தவன் எழுபதானான், அறுபத்துமூன்றானான். வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. அந்த நோட்டு உங்கள் மேஜை மேல்தான் இருக்கிறது. ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எங்கிருந்து குளூட்டன் போகிறது என்று டாக்டர் அவன் மனைவி கனகலட்சுமியைக் கேட்டார். அந்தப் பிள்ளை என்னை அண்ணே என்று கூப்பிடும். "அண்ணே, நீங்கதான் விஷயம் தெரிஞ்சவுக, ஒரு தடவ வந்து அடுப்படியப் பாருங்க" என்று அழைத்தது. போனேன். பெருங்காய டப்பாவைத் திருப்பிக் காட்டி, இதில் கோதுமை மாவு கலந்திருக்கிறது என்றேன். கோதுமை அரைக்கிற மில்லிலேயே அரிசியும் அரைக்கிறாயே என்றேன். இரண்டும் பொய்யில்லை, சார். நான் அந்தப் பிள்ளையிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அது தலையில் அடித்துக்கொண்டு அழுதது. பெருங்காயத்தைத் தூக்கிப் போட்டது, கரண்டி, தோசைக்கல் முதற்கொண்டு மாற்றியது, வீட்டிலேயே மாவு அரைக்க மெஷின் வாங்கியது. அப்படியும் அவன் எடை ஐம்பத்தேழுக்கு வந்தது.

மாமியார் செல்லத்தாய் அதற்குமேல் பொறுக்கவில்லை. "எம் மகனுக்கு இவதான் எதையோ வக்கிறா" என்று மருமகளை உசிலம்பட்டியில் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பஸ் ஏற்றிவிட்டது நான்தான்.

அந்த ஞாயிறு அருள்பாண்டி படியேற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து வந்தான். "வீட்டுச் சோத்தையே நம்ப முடியல மாப்ள. உலகத்துல உன் பாட்டில் ஒண்ணத்தான் நம்பிக் குடிக்கிறேன்" என்றான். இரண்டாவது கிளாஸும் கேட்டான். ஊற்றினேன்.

மாசி மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குடலில் எந்தச் சத்தும் ஏறவில்லை. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒன்பதாவது நாள் போய்விட்டான். நாற்பத்தெட்டு கிலோ. தூக்கினவர்களில் நானும் ஒருவன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கனகலட்சுமி திரும்பி வந்திருந்தது. எங்கள் பக்கம் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன் படைத்து, பிறகு சொந்தபந்தம் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். யாரோ பரோட்டா வாங்கி வந்தார்கள். "அவுகளுக்கு ஆகாது" என்று அந்தப் பிள்ளை இலையில் வைக்க விடவில்லை. குழம்பிலும் பெருங்காயம் போடவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, உங்க கம்பு பீரு ரெண்டு பாட்டில் மட்டும் கொண்டாந்து வச்சிருங்க. அதத்தான் கடைசி வரைக்கும் ஆசையாக் குடிச்சாக" என்றது. கொண்டுபோய் வைத்தேன்.

படையல் முடிந்ததும் கனகலட்சுமியின் தம்பி முத்திருளன் படத்துக்கு முன் ஊற்றி வைத்திருந்த கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான். அவன் உசிலம்பட்டியில் டாஸ்மாக் சேல்ஸ்மேன். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நினைப்பு வரவில்லை. இன்னொரு வாய் குடித்தான். "அண்ணே, இதத்தான நான் தெனம் விக்கிறேன்" என்றான். கனகலட்சுமி இலையைப் பார்த்தது, பாட்டிலைப் பார்த்தது, கடைசியாக என்னைப் பார்த்தது. அழவில்லை. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

கள்ளத்தனமாகக் காய்ச்சிக் கொடுத்தேன் என்று என் மேல் ஒரு பிரிவு போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் எடுத்துவிடுங்கள். அவனுக்கு ஊற்றியது அநேகமாக எல்லாம் அரசாங்கக் கடையில் வாங்கிய சரக்கு. மற்றதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடத்துக்கு மேல், வாரா வாரம், தெரிந்தே கொடுத்தேன். அவன் செத்தது அதனால்தான்.

காலையில் ஏட்டய்யா ஒன்று கேட்டார். என் வீட்டைச் சோதனை போட்டபோது அசல் கம்பு பீர் ஆறு பாட்டில் இருந்ததாம்; ஆள் செத்த பிறகு படையலிலாவது அதை வைத்திருக்கலாமே, வைத்திருந்தால் மாட்டியிருக்கவே மாட்டாயே என்றார். நியாயமான கேள்விதான். கிளம்பும்போது அதில் இரண்டைக் கையில் எடுத்தேன். அப்புறம் திரும்ப வைத்துவிட்டேன். அது அவனுக்குப் பிடிக்காது, சார்.