நடந்தால்தான் வரும் பாட்டு

“நின்னுக்கினு வாசிச்சா எங்களுக்குப் பாட்டு வராது சார்.”

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னார். பேண்டு செட்டு மாஸ்டர். மடியில் துணி சுற்றிய ட்ரம்பெட் இருந்தது. பக்கத்தில் சர்ச் பாடகர் குழுவுக்குப் பாட்டு அமைக்கும் வாத்தியார், விரித்த நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா மாஸ்டர், கிறிஸ்துமஸுக்கு நாலு நாள்தான் கீது. ஆர்கனும் பாடுறவங்களும் ஒரே எடத்துலதான இருப்பாங்க?”

“கல்யாணமோ சாவோ, ஊர்வலத்துலயே வாசிச்சுப் பழகிட்டோம். காலு நின்னா டிரம்மும் நின்னுடுது. நேத்து ஒத்திகையில நீங்களே பாத்தீங்க.”

வாத்தியார் பென்சிலைக் கடித்தபடி நோட்டின் பக்கங்களைப் புரட்டினார்.

“அப்ப தெருமுனையிலருந்து வாசிச்சிக்கினே வாங்க. கொழந்த ஏசுவப் பாக்க மேய்ப்பருங்க தூரத்துலருந்து வர்ற மாதிரி இருக்கும். நாலாவது சரணத்துக்கு உள்ள வந்துடணும்.” சொன்னதை நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

“வந்துடலாம் சார்.” மாஸ்டர் நோட்டை எட்டிப் பார்த்தார். “வாசல்ல ஆறு பேரும் நின்னு செருப்பு கழட்டணுமே, அதுக்கு இன்னா பண்றது?”

வாத்தியார் சட்டைப்பையில் ரப்பரைத் தேடினார்.