காலண்டர் தாளோடு பதினேழு படங்கள்

பதினொரு மணிக்கு மேல் நான் டீ குடிப்பதில்லை, மேடம். குடித்தால் மத்தியானச் சாப்பாடு இறங்காது. தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் மஞ்சுளா. வயது முப்பத்தொன்பது. பரமத்தி வேலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. என் கணவர் பூபதி கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுப்பார். நான் உட்கார்ந்த இடத்தில் அவற்றைச் சரிசெய்வேன். பதினாறு வருடமாக இதுதான் வேலை. மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை எடுப்பேன். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா கொட்டாவி விட்டிருந்தால் வாயை மூடிவைப்பேன். கல்யாணத்துக்கே வராத சித்தப்பாவை வேறொரு படத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். பொய் என்று யாரும் சொன்னதில்லை. நன்றாக வந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

முன்பெல்லாம் அவர் மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் எனக்கு வேலை. நான்கு வருடங்களுக்கு முன் கிளவுடில் இயங்கும் எடிட்டிங் மென்பொருளுக்கு மாறினோம். திருச்செங்கோட்டு மண்டபத்தில் அவர் எடுக்கும் படம் சற்று நேரத்தில் என் திரைக்கு வந்துவிடும். நான் இங்கே மாற்றினால் அவருடைய லேப்டாப்பிலும் போனிலும் அது மாறிவிடும். ஒரே கணக்கில் எத்தனை கருவிகள் இருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே படம்தான். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், மேடம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

மணிமாறன் என் தம்பி. அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினான்கு. நான்தான் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். காவிரிப் பக்கம் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது, இப்போது அவன்தான் பார்க்கிறான். கோபக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். ஒருமுறை சோறு குழைந்துவிட்டது என்று என்னைத் தள்ளிவிட்டான், மணிக்கட்டு உடைந்தது. அதை அடி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. விழுந்த இடம் சரியில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் சத்யபிரியா, பள்ளிபாளையத்துக்காரி. மெலிந்த பெண், மரியாதை தெரிந்தவள். என்னை நங்கையா என்று கூப்பிடுவாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் தெற்கத்திக்காரர், தெரிந்திருக்காது. சித்திரையில் ஒருநாள் போனை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"நங்கையா, போன்ல எடமே இல்லைன்னு வருதுங்க. கல்யாண போட்டோவெல்லாம் அழிக்க மனசு வர்லீங்க."

"அழிக்க வேண்டாஞ் சாமி. இங்க கொண்டா."

எங்கள் கணக்கையே அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். எடுக்கிற படம் தானாக மேலே ஏறும். ஏறியதும் போனிலிருக்கும் மூலப் படம் அழிந்து, பார்ப்பதற்குச் சின்னதாக ஒரு பிரதி மட்டும் நிற்கும். இடமும் மிச்சம், படமும் பத்திரம் என்று சொன்னேன். அவள் எடுப்பதெல்லாம் என் திரைக்கும் வரும் என்று சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

முதலில் வந்தவையெல்லாம் சாதாரணப் படங்கள். முருங்கைப் பூ, கன்றுக்குட்டி, வாசல் கோலம். வேலைக்கு நடுவே ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். என் கணவர் தன் கல்யாணப் படங்களைத் தவிர வேறெதையும் திறப்பதில்லை. புதிதாக வந்த பெண் எங்கே போகிறாள், யாரோடு நிற்கிறாள் என்று குடும்பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. ஆடி மாதம் ஒரு படம் வந்தது. அவளுடைய இடது கை, முழங்கைக்கு மேலே. நான்கு விரல்கள் பதிந்த நீலம். பக்கத்தில் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த அன்றைய தாள்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, மேடம். சந்தேகம். கை வலித்தால் எண்ணெய் தேய்ப்பார்கள். பக்கத்தில் தேதியை வைத்துப் படம் எடுப்பார்களா? யாருக்குக் காட்ட? பத்து நாள் கழித்துத் தோள் வந்தது. அதற்கும் ஒரு தாள். பிறகு தாடை. வெளிச்சம் விழும் ஜன்னலோரமாக நின்று, கொஞ்சமும் மங்காமல் எடுத்திருந்தாள். அந்தக் கவனம்தான் என்னை உறுத்தியது. என் தம்பிக்கு எதிராக அவள் ஓர் ஆல்பம் தயாரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் கவனித்தேன். போனைக் கவிழ்த்தே வைப்பாள். சிரிக்கும்போதும் ஒரு கண் வாசலில் இருக்கும். தம்பியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோபப்படுவான், அவளுக்குத்தான் கஷ்டம். ஆகவே யாருக்கும் கஷ்டமில்லாத வழியைப் பார்த்தேன். முதல் படத்தைத் திறந்து அந்த நீலத்தை எடுத்தேன். பக்கத்துத் தோலின் நிறத்தைக் கொண்டுவந்து, ரோமம்கூடக் கலையாமல் சேர்த்தேன். இருபது நிமிட வேலை. காலண்டர் தாளைத் தொடவில்லை. புதிய படத்தை அதே இடத்தில் வைத்துவிட்டு, பழையதைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கினேன். அவள் போனில் அது தானாக மாறிக்கொண்டது. இப்படிப் பதினேழு படங்கள்.

ஐப்பசியில் மறுபடி ஸ்டூடியோவுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்களுக்குத்தான் இதெல்லாந் தெரியும்னு வந்தனுங்க. நான் எடுத்த போட்டோவெல்லாம் மாறிப்போயிருக்குதுங்க, நங்கையா."

"மாறிப்போச்சுன்னா?"

போனை நீட்டி ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். "இதுல காயம் இருந்துச்சுங்க." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அதுவரை அந்த வார்த்தையை அவள் என்னிடம் சொன்னதில்லை.

"என்ன காயம் கண்ணு? எங்காச்சும் உழுந்தியா?"

அவள் அடுத்த படத்தைத் தள்ளிக் காட்டினாள்.

"இருந்தது எப்பிடி இல்லாமப் போகும்? சன்னல் வெளிச்சத்துல உனக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும்."

மேல்கையைத் தடவிக்கொண்டே நின்றாள். "தொட்டா இன்னும் வலிக்குதுங்க. ஆனா இதைப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்குதுங்க. தலைக்குள்ள ஏதோ ஆயிப்போச்சோன்னு பயமா இருக்குதுங்க."

"ஊட்டுக்குப் போயி நல்லாத் தூங்கு சாமி," என்றேன். ஒரு சீப்புப் பூவன்பழம் கொடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரம் தம்பி அமைதியாக இருந்தான். அந்தச் சமயத்தில்தான் அவள் தன் அப்பா பெரியசாமியைக் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். எங்களையும் கூப்பிட்டார்கள். உடம்பில் காட்டுவதற்கு அன்று ஒன்றும் இல்லை. போனைக் கொடுத்தாள். அந்த அதிகாரி பதினேழு படங்களையும் பொறுமையாகப் பார்த்தார்.

"ஏம்மா, கையையும் காலண்டரையும் எதுக்குப் போட்டோ புடிச்சு வெச்சிருக்கற?"

அதட்டிக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். பெரியசாமிக்குத் தலை குனிந்துவிட்டது. "புள்ளைக்கு மனசு செரியில்லீங்க போல. நீங்க கூட்டிட்டுப் போங்க, மாப்ளே," என்றார். சமாதானமாகப் போவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவள் அழவில்லை. யாரையும் பார்க்கவில்லை, என்னைத் தவிர.

காரில் வரும்போது தம்பி அவள் போனிலிருந்து சிம்மைக் கழற்றினான். வாட்ஸ்அப்பையும் எடுத்தான். போனையே காவிரியில் எறிகிறேன் என்றான்.

"எறியாதடா. போட்டோ மட்டும் எடுத்துக்கட்டும். ஊட்டு வைஃபை இருக்குதல்ல, அவ எடுக்கறதெல்லாம் எனக்கு வந்துரும். நான் பாத்துக்கறேன்."

அவள் பின்சீட்டில்தான் இருந்தாள். கேட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு எட்டு நாள் ஒரு படமும் வரவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஒன்பதாம் நாள் காலை பத்து நாற்பத்திரண்டுக்கு ஒன்று வந்தது. சமையலறைத் தரை. காலண்டர் தாள் இல்லை. காதுக்கு மேலே மண்டை பிளந்திருந்தது. கண் நேராகக் கேமராவைப் பார்த்தது. ஐம்பத்தொன்றுக்கு இன்னொன்று. பதினொன்று மூன்றுக்கு மூன்றாவது. சிம் இல்லாத போனில் அவளால் ஒருவரைத்தான் கூப்பிட முடியும், மேடம். அவள் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

தம்பியின் வீடு எங்கள் கடையிலிருந்து ஆறு கிலோமீட்டர். 108 வண்டி பேருந்து நிலையத்தருகே நின்றிருந்தது, என் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும். டிரைவர் வெளியே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நான் முதல் படத்தைத் திறந்தேன். ரத்தம் கடினம். நிழலிலும் தரையிலும் அதன் சாயல் விழுந்திருக்கும். முடியை இழை இழையாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பதினொன்று முப்பத்துநான்குக்குச் சேமித்தேன். மென்பொருள் நிறுவனத்தின் பதிவில் எல்லாம் நிமிடத்தோடு இருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கும். பன்னிரண்டு மணி வரை உயிர் இருந்ததாக டாக்டர் எழுதியிருப்பதாகவும் சொன்னீர்கள். அதை அவர் எழுத வேண்டியதில்லை, எனக்கே தெரியும். இரண்டாவது படத்தில் கண் திறந்திருந்தது. மூன்றாவதில் பாதி மூடியிருந்தது. தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, மிரட்டவில்லை. போன் என் கையருகே இருந்தது.

தம்பி செய்ததைத் தம்பி சொல்வான். நான் செய்தது இது. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். சமையலறைத் தரையில் எடுத்த அந்த முதல் படத்தை உங்கள் கம்ப்யூட்டரில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பாருங்கள், மேடம். என்னிடம் வந்தவரைக்கும் அந்தப் பெண் மேல் ஒரு கீறல்கூட இருக்க நான் விட்டதில்லை.