தண்டவாளத்துக்கு வடக்கே ஒரு வாக்குச்சாவடி

அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய, அநீதி கண்டு அடங்கிப் போக அறியாத எங்கள் நிரஞ்சனி கணேசலிங்கம் அம்மையாரே! தொகுதி அலுவலகத்தின் தூணே! தொலைபேசி மணிக்கு முன்னே எழுந்து நிற்கும் துணிவே! வணக்கம்!

இந்தப் பணி ஓய்வு விழாவின் குழுவினர் எங்களிடம் ஒரு மாதிரி மடல் தந்தார்கள். அதில் "பொறுமையின் சிகரமே" என்று இருந்தது. அதை எழுத எங்கள் கை மறுத்துவிட்டது. பொறுமையாக இருந்தவர்களால் இந்தத் தொகுதிக்கு என்ன கிடைத்தது? எனவே, அம்மையார் செய்தது என்ன என்பதை, தெரிந்தும் தெரியாததுபோல் கைதட்டிக்கொண்டிருப்பவர்கள் உட்பட, இந்த மண்டபம் முழுவதும் கேட்கட்டும்.

எங்கள் ரிவியேர்-நோர் தொகுதி மொன்றியால் நகரில், வில்லரேக்கும் அஹுன்ட்சிக்குக்கும் இடையே கிடக்கிறது. நடுவே தண்டவாளம், அதன் இருபுறமும் ஆளுயர வேலி. தெற்கே சொந்த வீடுகள், மரங்கள், பழைய குடும்பங்கள். வடக்கே அடுக்குமாடிகள், ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு நாட்டுச் சமையல் மணம். தொகுதி உருவான நாள்முதல் வடக்கு மக்களுக்கான வாக்குச்சாவடி தெற்கே, ஒரு தேவாலய மண்டபத்தில் இருந்தது. வேலிக்கு இப்பால் நின்றால் அதன் கதவு தெரியும். ஆனால் அந்தக் கதவை அடைய, பெருந்தெருவரை நடந்து, சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, மறுபுறம் அதே தூரம் திரும்பி வரவேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் வடக்கு வெறிச்சோடியது. ஒவ்வொரு தேர்தலிலும் தெற்கின் வாக்கால் அதே நாடாளுமன்ற உறுப்பினர் வென்றார்.

அந்த உறுப்பினரின் அலுவலகத்தில்தான் நிரஞ்சனி பணியாற்றினார். ஒருநாள், இருக்கை வைத்த வோக்கர் நடைவண்டியை உருட்டிக்கொண்டு, முதியவர் அரியரத்தினம் ஓய்வூதிய விடயமாக வந்தார். பேச்சுவாக்கில் நிரஞ்சனி கேட்டார்:

"அண்ணை, போன முறை வோட்டுப் போட்டனீங்களோ?"

"எங்கை பிள்ளை போடுறது? வேலிக்கு மேலாலை பறக்கவோ?"

அவர் சிரித்தார். நிரஞ்சனிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே உறுப்பினரின் ஆலோசகர், தமிழரான பேனாட்டிடம் போனார். சாவடியை வடக்கே மாற்றச் சொல்லித் தேர்தல் அதிகாரியிடம் உறுப்பினர் ஒரு வார்த்தை கேட்கட்டும் என்றார்.

"உங்களுக்கு என்ன விசரோ?" என்றார் பேனாட். "அந்தப் பக்கம் எங்களுக்கு வோட்டு விழாது. சாவடியைக் கொண்டுபோய் அங்கை வைச்சால் தோத்துப் போவம்."

"அப்ப உங்களுக்கு முதலே தெரியும்."

"தெரியாமல் என்ன? பேசாமல் இருங்கோ அக்கா. உங்கடை சம்பளமும் அதுக்குள்ளைதான் கிடக்கு."

அது உண்மைதான். கணவர் கணேசலிங்கம் வேலை செய்த தொழிற்சாலை மூடியிருந்த காலம். மகள் ஆர்த்திகா படிப்பை முடிக்கவில்லை. ஆனாலும் நிரஞ்சனி கோபத்தோடுதான் இருக்கைக்குத் திரும்பினார். இத்தனை ஆண்டுகளாக "அந்தச் சனம் வோட்டுப் போடாது" என்று இதே அறையில் ஏளனம் பேசியவர்கள், அந்தச் சனம் போடக்கூடாது என்றல்லவா விரும்பியிருக்கிறார்கள்!

விடுப்பு எடுத்தார். உறுப்பினரின் பெயரைச் சொல்லாமல், அத்தொகுதியில் குடியிருக்கும் ஒரு வாக்காளராகத் தேர்தல் அதிகாரியைச் சந்தித்தார். அதிகாரி ஒரு கியூபெக் பெண்மணி. வரைபடத்தை விரித்து, மண்டபம் மிக அருகில்தானே இருக்கிறது என்றார். "அப்படியானால் என்னோடு நடந்து வாருங்கள்" என்றார் நிரஞ்சனி பிரெஞ்சில்.

ஏப்ரல் மாதம். உருகியும் உருகாத பனிச்சேறு. அதிகாரியும் நிரஞ்சனியும் அரியரத்தினமும் மாடிக்கட்டட வாசலில் இருந்து புறப்பட்டார்கள். வோக்கரின் சக்கரம் சேற்றில் புதைவதும், அதிகாரி குனிந்து தூக்கிவிடுவதுமாகச் சுரங்கப்பாதை வாசலை அடைந்தார்கள். படிகளைப் பார்த்த முதியவர் வோக்கரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தேர்தலண்டைக்கும் இப்பிடித்தான். நீங்கள் போட்டிட்டு வாங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

நிரஞ்சனி அதை மொழிபெயர்த்துச் சொன்னார். அதிகாரி படிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு, "போதும், திரும்புவோம்" என்றார்.

அவ்வாண்டுத் தேர்தலில் வடக்கின் சாவடி அந்த மாடிக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் திறந்தது. வரிசை வாசலைத் தாண்டி வளைந்தது. தமிழும் வங்காளமும் அரபும் கிரியோலும் காத்து நின்றன. உறுப்பினர் தோற்றார்.

"நீங்கள்தான் எங்களைத் தோற்கடிச்சனீங்கள்," என்றார் பேனாட், எல்லோர் முன்னிலையிலும்.

"சனம் வோட்டுப் போட்டது, தம்பி. அதுக்குப் பேர் தேர்தல்."

அலுவலகம் கைமாறும்வரைகூடப் பொறுக்காமல் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். நிரஞ்சனி தன் மேசையைத் தானே துடைத்துவிட்டுப் போனார். அன்று அவருக்காக வாய்திறக்காத அனைவரையும், எங்களில் சிலர் உட்பட, இம்மடல் மன்னிப்பதாக இல்லை!

வென்று வந்த புதிய உறுப்பினர், தமிழரான ஜொய்சி, சில வாரங்களில் அவரை அழைத்தார். வடக்கின் வெற்றிக்கு நன்றி சொல்லிப் பதவி கொடுக்கிறார்கள் என்று ஊர் பேசியது. நிரஞ்சனி உட்காரவும் இல்லை, நின்றபடியே கேட்டார்:

"தெற்குப் பக்கம் உங்களுக்கு விழேல்லை. அங்கையிருந்து வாற ஆக்களின்ரை அலுவலையும் நான் பாக்கலாமோ?"

"பாக்கத்தானே வேணும்," என்றார் ஜொய்சி.

"அப்ப திங்கள் வாறன்."

அந்தத் திங்களில் தொடங்கி நேற்றுவரை, எந்தத் தெருவில் இருந்து வருகிறீர் என்று எவரையும் கேட்காமலே எல்லோர் அலுவலையும் பார்த்தார். இன்றும் அவரைக் கட்சிக்குத் துரோகி என்போர் உண்டு. வாக்காளனை வாசலுக்கு வரவிடாமல் வெல்வதை விசுவாசம் என்று அழைக்கும் வாய்களுக்கு எங்கள் கண்டனம்!

அம்மையாரே! முழங்கால் நோகாமல், மூச்சு முட்டாமல், உறக்கம் குறையாமல் நீங்கள் நூறாண்டு வாழ்க! பேரப்பிள்ளைகள் சூழ, பேச்சும் சிரிப்புமாய் வாழ்க! மருத்துவர் எதைக் குறைக்கச் சொன்னாலும் குறையுங்கள். உப்பைக் குறையுங்கள், சீனியைக் குறையுங்கள். உங்கள் கோபத்தை மட்டும் குறைக்காதீர்கள். எங்களுக்கு அது இன்னும் வேண்டும்.

ரிவியேர்-நோர் தொகுதி அலுவலகப் பணியாளர்கள்
மொன்றியால்