சூலத்துப் பழம்

தாரணி: ...இன்னும் நைட்டியோடயே நிக்கிறீங்களே வாணிக்கா! மாமி கார்ல ஏறி உக்காந்தாச்சு.

வாணி: நீங்க போங்க. நான் வரல.

தாரணி: வெளையாடாதீங்க லா. இங்க பாயா ரும்புட்லேருந்து சுங்கை ரம்பாய் கோயிலுக்குப் போய்ச் சேரவே மத்தியானம் ஆயிடும். இந்தத் திருவிழாவுல அம்மன் சூலத்து எலுமிச்சம்பழம் உங்களுக்குத்தான்னு சாமிக்கண்ணு பூசாரி சொல்லி அனுப்பிருக்காரு.

வாணி: வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லு.

தாரணி: வருஷா வருஷம் பிள்ள வரம் கேட்டு முந்தானைய ஏந்திக்கிட்டு நின்னீங்க. இப்ப குடுக்குறேன்னா வேணாங்கறீங்க?

வாணி: நின்னேன்டி. போன வருஷமும் நின்னேன். அந்தப் பூசாரி என்னைத் தாண்டி வந்து உன் முந்தானையில போட்டாரு. இந்த வீட்டுக்கு நேத்து வந்தவ நீ. மூத்த மருமக நான் பக்கத்துலயே நிக்கிறேன்...

தாரணி: நானா கேட்டேன்? அம்மன் குடுத்தா.

வாணி: ஆமா, அம்மன் குடுத்தா, நீ தின்ன, வயிறு நெறஞ்சிருச்சு. மாமிதான் தெருத்தெருவா தண்டோரா போடுதே!

தாரணி: உங்களுக்கும் குடுப்பாக்கா...

வாணி: போடி. அதெல்லாம் வெறும் அடையாளம். சமய வகுப்புல டீச்சர் தெளிவா சொன்னாங்க. பழம்னா பழமே இல்லையாம். நம்ம மனசுல உள்ள புளிப்பாம். பொறாம, கோவம், எல்லாத்தையும் சூலத்துல குத்தி அவ கால்ல விட்டுட்டு வரணுமாம்.

தாரணி: குத்தியாச்சா?

வாணி: வாயி நீளுது உனக்கு.

தாரணி: சும்மா கேட்டேன் லா. எனக்கு இந்த அர்த்தம்லாம் வேணாம்க்கா. அர்த்தத்துக்குத் தூளி கட்ட முடியுமா? வெள்ளிக்கெழம குளிச்சிட்டு, தோலோட கொட்டையோட தின்னணும்னாரு பூசாரி. தின்னா பிள்ள. அவ்ளோதான்.

வாணி: எலுமிச்சம்பழத்துலதான் பிள்ள இருக்குன்னா, பசார் சந்தையில கூடை கூடையா விக்கிறானே! ஊர்ல ஒரு மலடி இருக்க மாட்டா.

தாரணி: ஐயோ, அந்த வார்த்தையச் சொல்லாதீங்க.

வாணி: மாமி சொல்றப்போ உன் காதுல விழலயோ? நீ பசார் பழத்தத் தின்னுருந்தாலும் உண்டாகித்தான் இருப்ப. போ.

தாரணி: அதெப்படி அவ்ளோ உறுதியா சொல்றீங்க?

வாணி: ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதோ கார்ல ஆரன் அடிக்கிறாங்க பாரு.

தாரணி: அடிக்கட்டும். வெறும் அடையாளம்தானே? வந்து வாங்கி, வீட்டுச் சாமி மேடையில வச்சிட்டுப் போங்களேன். பயம் எதுக்கு?

வாணி: எனக்கென்ன பயம்?

தாரணி: அப்ப ஏன்க்கா வாசல் தாண்ட மாட்டேங்கறீங்க?

வாணி: ஆமாடி, பயந்தான்! மறுபடியும் தின்னு, மறுபடியும் ஒன்னும் ஆகலன்னா... நான் எங்க போய் முட்டிக்கிறது?

தாரணி: மறுபடியுமா? பூசாரி உங்களுக்குக் குடுத்ததே இல்லையேக்கா. எப்பத் தின்னீங்க?

வாணி: விடு தாரணி.

தாரணி: நான் சொல்லட்டுமா? போன வருஷம் சாமி மேடையில நான் வச்சிருந்த பழம் சூலத்துல குத்துனது. நடுவுல ஓட்டை. வெள்ளிக்கெழம காலையில குளிச்சிட்டு வந்து எடுக்குறேன், ஓட்டையே இல்ல. அதே மாதிரி மஞ்சள், அதே மாதிரி குங்குமம். ஓட்டைய மட்டும் மறந்துட்டீங்க.

வாணி: அன்னைக்கே... அன்னைக்கே தெரியுமா உனக்கு?

தாரணி: ம்.

வாணி: தோலோட தின்னேன்டி. கொட்டையக்கூடத் துப்பல. கண்ணுல தண்ணி கொட்டுது, வாயப் பொத்திக்கிட்டு முழுங்கினேன். என்ன ஆச்சு? ஒன்னும் ஆகல. உனக்கு ஆச்சு! அது வெறும் பழம்னு சொன்னாத்தான் நான் உசுரோட இருக்க முடியும். நெசமாவே சாமிப் பழம்னா... அவ என்னைப் பாத்து, இந்தத் திருடிக்கு இல்லன்னுட்டா. அப்படித்தானே?

தாரணி: அழாதீங்கக்கா...

வாணி: அப்ப நான் மாத்தி வச்ச பசார் பழம்? அதத்தான் தின்னியா?

தாரணி: அதை எதுக்குத் திங்கணும்? மொளகா சம்பல்ல புழிஞ்சிட்டேன். நீங்ககூட நல்லாருக்குன்னு சொன்னீங்க.

வாணி: அடிப்பாவி! அப்ப மாமி, சாமிப் பழத்தாலதான்னு ஊர் பூரா சொல்றப்போ நீ ஏன் தலைய ஆட்டுன?

தாரணி: உங்க காதுல விழணும்னுதான்.

வாணி: ஏன்டி? எடுத்துத் தின்னும் எனக்கு ஒன்னும் கெடைக்கல. என் மேல உனக்கு என்னடி எரிச்சல்?

தாரணி: கெடைக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சாமிப் பழம் உங்க வயித்துலதானே இருந்துச்சு! எனக்கு வர வேண்டிய பிள்ளைய நீங்க சுமக்கப் போறீங்கன்னு நெனச்சு வெந்துக்கிட்டுக் கெடந்தேன். நான் உண்டாகுற வரைக்கும் மாசா மாசம் நீங்க எப்ப தலைக்குக் குளிப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்க்கா... நீங்க குளிச்ச அன்னைக்கெல்லாம் நான் வயிறு நெறைய சாப்பிட்டேன்.